பாக்மதிக் கரைப் பிள்ளைகள்

நேபாள தேசத்துக்கு யாத்திரை போகும் தமிழ் மக்கள் சாதாரணமாக இரண்டு ஸ்தலங்களைத் தரிசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒன்று காட்மாண்டுவிலுள்ள பசுபதிநாதர் ஆலயம். மற்றொன்று, 108 திருப்பதிகளில் ஒன்றான சாளக்கிராமம் என்று வைஷ்ணவர்கள் போற்றும் முக்திநாத். பசுபதிநாதரைச் சேவித்துவிட்டுப் பாக்மதி நதியின் படித்துறையில் வந்து நிற்பவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருக்கக்கூடும். ஒரு பக்கம் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும். சாம்பலும் பூமாலைகளும் மிதந்து வரும் முழங்காலளவு ஜலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் இறங்கி நின்று, ஒரு கயிற்றை வீசி வீசி இழுத்துக்கொண்டிருப்பார்கள். மீன் பிடிக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். கயிற்றின் நுனியிலே கட்டியிருப்பது தூண்டில் அல்ல, காந்தம். பக்தர்களும் இறந்தவர்களின் உறவினர்களும் ஆற்றில் போடும் நாணயங்களில் பல காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன.

"கெட்டிக்காரப் பயல்கள்!" என்று சொல்லி ஒரு நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நாம் போய்விடுகிறோம். அப்படிப் போய்விடாமல், அந்தப் பையன்களுடைய உலகத்தின் ஓரத்தில் ஐந்து வாரம் உட்கார்ந்து பார்க்கும் சந்தர்ப்பம் 2024ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் எனக்குக் கிடைத்தது. காட்மாண்டுவில் தெருப்பிள்ளைகளுக்காக ஒரு சிறு தர்ம ஸ்தாபனம் நடக்கிறது. அங்கே பையன்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பாடம் நடத்தும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷம் தேய்ந்தவன் ஒருவன் வேண்டுமென்று நண்பர் மூலமாகச் சொல்லியனுப்பினார்கள். தேய்மான விஷயத்தில் எனக்குக் குறைவில்லையாகையால் புறப்பட்டேன்.

சென்னையிலிருந்து கோரக்பூர் வரையில் ரயில். அங்கிருந்து ஸுனௌலி என்னும் எல்லையூர். 1950ஆம் வருஷத்து உடன்படிக்கையின் பயனாக இந்தியப் பிரஜைகளுக்கு விஸா இல்லை; வளைவு ஒன்றைக் கடந்தால் அயல்நாடு. கடிகாரத்தைக் கால் மணி முன்னே தள்ளிவைக்க வேண்டும். வருஷத்தையோ ஐம்பத்தேழு தள்ளவேண்டும். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி அவர்களுக்கு 2081 பிறந்திருந்தது. பிறகு நாராயணி, திரிசூலி நதிகளின் கரையோடு நாள் முழுவதும் மலைப்பாதை. பஸ் கடைசியில் கலங்கி என்னும் நாற்சந்தியில் வந்து நிற்கிறது. ஊரின் பெயர் அவர்களுக்கு வெறும் பெயர்தான். தமிழ்க் காதுக்கு அப்படியில்லை. மலைக் கிராமங்களிலிருந்தும் தராய்ச் சமவெளியிலிருந்தும் ஓடிவரும் பையன்களில் அநேகர் முதன்முதலாகக் காட்மாண்டு மண்ணில் கால் வைப்பது இங்கேதான். அல்லது வடக்கே கோங்கபூவிலுள்ள பஸ் நிலையத்தில்.

ஸ்வயம்பூ குன்றுக்குப் பின்புறத்தில் மூன்று மாடிச் செங்கல் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கீழே குளிக்கும் இடமும், துணி மாற்றிக்கொள்ள ஒரு அறையும், காயத்துக்கு மருந்து போடும் மேஜையும் உண்டு. நடுமாடியில் வகுப்பு. மேல்மாடியில் பதினான்கு படுக்கைகள். வேலை செய்கிறவர்கள் ஆறு பேர், அறுவரும் நேபாளிகள். தலைவி ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர். எல்லோரும் அவரை 'தீதி', அதாவது அக்கா, என்றே அழைக்கிறார்கள். இரவில் வீதிகளில் அலைந்து பையன்களைச் சந்திக்கும் ஊழியருக்கு 'தாயி' என்று பெயர். நேபாளியில் அண்ணனை அப்படிச் சொல்கிறார்கள். எழுதிப் பார்த்தால் நம் தாய்க்கு ஓர் இகரந்தான் கூடுதல். அந்த மனிதர் விஷயத்தில் அந்தப் பெயர் பொருந்தித்தான் இருந்தது.

வந்து இறங்கிய அன்றே பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். தீதி முதலில் என் ஊர்ப் போலீஸார் கொடுத்த நன்னடத்தைப் பத்திரத்தை வாங்கிப் படித்தார். பிறகு விதிகளைச் சொன்னார். படம் எடுக்கக் கூடாது. ஊருக்குத் திரும்பிய பிறகு எந்தப் பையனுடைய பெயரையும் எழுதக் கூடாது. மிட்டாய் முதல் கைக்கடிகாரம் வரையில் எதுவும் பரிசளிக்கக் கூடாது. "மறுபடியும் வருவேன்" என்று எவனிடமும் சொல்லக் கூடாது. முதல் வாரம் மேல்மாடிக்கே போகக் கூடாது. படமில்லாமல் கட்டுரை வெளிவருவது இப்பத்திரிகையின் வழக்கமல்லவென்பதை அறிவேன். ஆனால் பிள்ளைகளின் படத்தை எதிர்பார்க்கும் நேயர்கள் ஸ்வயம்பூ ஸ்தூபியின் கண்களைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டியதுதான்.

விதிகள் கடுமையாக இருக்கின்றனவே என்றேன். தீதி சொன்ன பதில் இது: "இந்தப் பையன்களை முதலில் வீட்டார் விட்டார்கள்; அல்லது இவர்கள் வீட்டாரை விட்டார்கள். அப்புறம் ஹோட்டல் முதலாளி விட்டான். கூட்டாளி விட்டான். வெளிதேசத்திலிருந்து தொண்டு செய்ய வருகிறவர் பதினைந்து நாள் கட்டிப் பிடித்து விளையாடிவிட்டு, விமானத்துக்குப் புறப்படும்போது தேம்பி அழுவார். பையன் அழ மாட்டான். அழாமல் நிற்கும் பையனைக் கண்டால்தான் எனக்குப் பயம்."

தொண்டு செய்ய வருகிறவர்களைப் பற்றி நேபாளத்துக்கு இப்படி ஓர் ஐயம் தோன்றியதற்குக் காரணம் உண்டு. 1996 முதல் 2006 வரையில் அந்நாட்டில் மாவோயிஸ்ட் யுத்தம் நடந்தது. ஹும்லா போன்ற எட்டாத மலை ஜில்லாக்களிலிருந்து, "உங்கள் குழந்தையைப் பட்டணத்தில் படிக்கவைக்கிறோம்" என்று சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டு, தரகர்கள் குழந்தைகளை அழைத்து வந்தார்கள். அவர்களில் பலர் அனாதை விடுதிகளில் விடப்பட்டார்கள். சிலர் அங்குங்கூட விடப்படவில்லை. கானர் கிரென்னன் என்ற அமெரிக்க வாலிபர் 2004ஆம் வருஷத்தில் அத்தகைய விடுதி ஒன்றில் தொண்டு செய்ய வந்தார். அனாதைகள் என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்குத் தாய் தந்தையர் உயிரோடிருப்பதைக் கண்டார். மலையேறிப் போய் அவர்களைத் தேடுவதற்கென்றே பின்னால் ஒரு ஸ்தாபனம் நிறுவினார். ஆனால் அவரைப் போல் மலையேறியவர்கள் கொஞ்சம். அனாதைகளைப் பார்க்க வருகிறவர்கள் பணமும் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்துகொண்ட சிலர், அனாதைகளைத் 'தயாரிக்க' ஆரம்பித்தார்கள். விடுதிக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள் என்பது பிறகு தெரியவந்தது. 2015 ஏப்ரல் 25ஆம் தேதி பூகம்பத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் மாண்டபோது, தரகர்கள் மறுபடியும் கிளம்பிவிடுவார்கள் என்று பயந்து, பெற்றோரோ பத்திரமோ இல்லாமல் குழந்தைகளை ஜில்லாவை விட்டு ஜில்லா அழைத்துப் போகக் கூடாதென்று அரசாங்கம் தடை விதித்தது. சுற்றுலா விஸாவில் வந்தவர்கள் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. விஸா வேண்டாத இந்தியனை அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. தீதியின் சட்டம் செய்தது.

ஆகவே முதல் வாரம் நான் பாத்திரம் தேய்த்தேன். கணக்குப் புத்தகத்தைக் கூட்டிச் சரிபார்த்தேன். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி எண்ணட்டைகள் செய்தேன். மாலையில் இரண்டு இளம் உபாத்தியாயர்களோடும் உட்கார்ந்து பாடத் திட்டம் வகுத்தேன். இரண்டாம் வாரந்தான் வகுப்பின் பின்வரிசையில் உட்கார அனுமதி கிடைத்தது.

கணக்குப் பாடத்தில் மாம்பழமும் ஆரஞ்சும் அந்தப் பையன்களிடம் எடுபடவில்லை. அவர்களில் அநேகர் குப்பை பொறுக்கி, பிளாஸ்டிக் புட்டிகளையும் இரும்புத் துண்டுகளையும் 'கவாடி' என்று சொல்லப்படும் பழைய சாமான் கடைக்காரனிடம் விற்பவர்கள். ஆகையால் கணக்கை அங்கே கொண்டுபோனோம். "கிலோ முப்பது ரூபாயானால் மூன்றேகால் கிலோவுக்கு எவ்வளவு?" என்று கேட்டார் உபாத்தியாயர். பலகையில் போட்டுப் பார்க்காமலே ஒருவன், "தொண்ணூறு" என்றான். கூட ஏழரை ரூபாய் வரவேண்டுமே என்றோம். "வரவேண்டியது தொண்ணூற்றேழரை, கவாடி கொடுப்பது தொண்ணூறு" என்றான் அவன். வகுப்பு முழுவதும் ஆமோதித்தது. அவனுக்கு மதிப்பெண் கொடுப்பதா வேண்டாமா என்று இளைஞர் என் முகத்தைப் பார்த்தார். முழு மதிப்பெண் கொடுக்கச் சொன்னேன்.

மூன்றாம் வாரம் தாயியோடு இரவுச் சுற்றுக்குப் போனேன். இரவு ஒன்பது மணிக்கு ரத்ன பார்க்கில் தொடங்கி, அஸன் கடைவீதி வழியாக, வெளிதேசத்தார் கூடும் தமேல் வரையில் நடக்கவேண்டும். தோளில் மாட்டிய பையில் பஞ்சும் டிஞ்சரும் கட்டுத்துணியும் இருக்கும். மூடிய கடைகளின் வாசற்படியில் கோணியைப் போர்த்துக்கொண்டு நான்கைந்து பேராகப் படுத்திருப்பார்கள். நடுவில் ஒன்றிரண்டு நாய்களும் படுத்திருக்கும். குளிர் காலத்தில் நாய்தான் ரஜாய் என்றார் தாயி. தாயி எவனையும் எழுப்புவதில்லை. விழித்திருப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து, காலில் புண் ஆறிற்றா என்று விசாரிப்பார். வா என்று அழைப்பதும் இல்லை. "வீடு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். அவன் வருகிற நாளில் கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவே என் வேலை" என்பார். சில பையன்கள் வருவதற்கு இரண்டு வருஷம் ஆயிற்றாம்.

தமேலில் பளபளவென்ற ஒரு கடை வாசலில் அன்றிரவு நான் கண்டதையும் சொல்லவேண்டும். இடுப்பில் குழந்தையோடு ஒரு சிறுமி வெள்ளைக்காரத் தம்பதிகளை வழிமறித்து, "பணம் வேண்டாம், குழந்தைக்குப் பால்மாவு வாங்கிக் கொடுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டாள். மனமிரங்கி அவர்கள் பெரிய டப்பாவாக வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் தெருக்கோடி திரும்பியதும் டப்பா அதே கடைக்குத் திரும்பிப் போயிற்று. கடைக்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பணமாகக் கொடுத்தான். பணம் எங்கே போகுமென்று கேட்டேன். தாயி பதில் சொல்லாமல் எதிர்ப்புறத்தைக் காட்டினார். பால் பைக்குள் முகத்தைப் புதைத்து மூன்று பையன்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்புக்கும் மரத்துக்கும் ஒட்டும் பசை அது. பசியும் குளிரும் தெரியாமல் அடிக்குமாம். ஒரு டப்பா பசை ஒரு வேளைச் சோற்றைவிடச் சுலபமாகக் கிடைக்கிறது.

ஜனங்கள் இவர்களை 'காதே' என்று அழைக்கிறார்கள். குப்பை பொறுக்குகிறவன் என்ற அந்தச் சொல் வசவாகவே ஆகிவிட்டது. இந்தச் சொல்லை மாற்றுவதற்கே அந்நாட்டினர் வெகுகாலம் உழைத்திருக்கிறார்கள். 1987ஆம் வருஷத்தில் 'ஸிவின்' என்ற குழந்தைத் தொழிலாளர் சங்கத்தைக் காட்மாண்டுவில் தொடங்கியவர்கள் நேபாளிகளே. ஆபத்திலுள்ள குழந்தைக்கு உதவ அச்சங்கம் நடத்தும் டெலிபோன் எண் 1098. நம் நாட்டிலும் அதே எண்தான். பையன்களில் பலருக்கு அந்த எண் மனப்பாடமாகத் தெரியும். நம் ஊரில் படித்த குடும்பத்தார் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இப்போது என் மனத்தை விட்டு அகலாத ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். கணக்கில் முழு மதிப்பெண் வாங்கினவன்தான். பதினோரு வயதிருக்கும். நான் தென்தேசத்துக்காரன் என்று கேள்விப்பட்டதும் என்னிடம் வந்து, "அங்கே என் அப்பாவைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டான். தகப்பன் தென்னாட்டில் எங்கேயோ காவல்காரன். நம் தெருக்களில் நடுநிசியில் விஸில் ஊதி, தடியால் தரையைத் தட்டிக்கொண்டு போகும் கூர்க்காவுக்கு மாதப் பிறப்பில் ஏதோ கொடுத்து அனுப்புகிறோம். அவருக்கும் ஒரு பிள்ளை இருக்கும், அந்தப் பிள்ளை ஆடு மேய்க்கும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

சிந்துலி ஜில்லாவில் ஒரு மலைக் கிராமம். தகப்பனிடமிருந்து இரண்டு வருஷமாகப் பணமும் இல்லை, செய்தியும் இல்லை. தாயும் பிள்ளையும் சிற்றப்பன் வீட்டில் இருந்தார்கள். இவன் மேய்த்த ஆடுகளில் ஒன்றை ஒரு நாள் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. வீட்டுக்குப் போனால் தோலை உரித்துவிடுவார்கள் என்று பயந்து, இருட்டும் வரையில் பாதையோரத்தில் நின்றான். பெரிய பையன்கள் இருவர் காட்மாண்டு பஸ்ஸில் தொற்றிக்கொண்டபோது இவனும் தொற்றிக்கொண்டான். மோமோ கடையில் தட்டுக் கழுவினான். அங்கிருந்து ஓடிக் குப்பை பொறுக்கினான். கவாடியிடம் நாள்தோறும் பத்தும் இருபதும் விட்டுவைத்துச் சேர்த்துக்கொண்டிருந்தான். எதற்காக என்றால், ஆடு வாங்குவதற்காக. ஆடில்லாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று ஏழு மாதமாகப் பிடிவாதம்.

நல்ல ஆட்டுக்குட்டி எண்ணாயிரம் நேபாள ரூபாய் ஆகும் என்றார்கள். நம் நூறு ரூபாய்க்கு அவர்களுடையது நூற்றறுபதாகையால், ஐயாயிரத்தில் முடியும் காரியம். நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

தீதி தலையசைத்தார். "கொடுங்கள். பையன் ஆட்டோடு வீட்டுக்குப் போவான். ஊரே பார்க்கும். காட்மாண்டுவுக்கு ஓடிப்போனால் வெளிதேசத்து மனிதர் ஆடு வாங்கித் தருகிறார் என்று அடுத்த மாதம் அந்த மலையிலிருந்து மூன்று பையன்கள் பஸ் ஏறுவார்கள். அவர்களுக்கு யார் ஆடு வாங்குவது?"

அவர் செய்தது வேறு. மூன்று நாள் காலையில் கவாடியின் கடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். பையன் தின்ற சோற்றுக்குக் கழித்தது போகப் பாக்கி ஒன்றுமில்லை என்றான் கவாடி. தீதி சண்டை போடவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார். முன்னாள் நர்ஸ் ஒருவர் வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? மூன்றாம் நாள் மூவாயிரம் ரூபாய் வந்தது. "இது உன் சம்பாத்தியம். இதோடு போகிறாயா?" என்று பையனிடம் கேட்டார். அவன் இரண்டு நாள் யோசித்துச் சரி என்றான்.

தகப்பனைப் பற்றித் தாயிடம் விசாரிக்கத் தென்னாட்டான் ஒருவன் கூட இருப்பது நல்லதென்று, கடைசி வாரத்தில் என்னையும் தாயியோடு அனுப்பினார்கள். தூலிகேல் தாண்டி ரோஸி ஆற்றை ஒட்டியும், பிறகு ஸுன்கோஸி நதியை ஒட்டியும் போகிறது பி.பி. ராஜபாதை. ஜப்பானியர் உதவியால் கட்டி 2015ஆம் வருஷத்தில் முடிந்த பாதை. இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று ஒதுங்கிப் போகவே சிரமமான அகலம். ஆனால் கையால் இழைத்தது போன்ற வேலைப்பாடு. பையன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாக எண்ணிக்கொண்டு வந்தான். நூற்றுக்கு மேல் எண்ணியவன் ஊர் நெருங்கியதும் நிறுத்திவிட்டான். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் செங்குத்தான ஏற்றம். நான் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன்.

தாய் முதுகில் 'டோக்கோ' என்னும் புல்லுக் கூடையோடு எதிரே வந்தாள். பையனைப் பார்த்து நின்றாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எண்ணினேன், அப்படியொன்றும் நடக்கவில்லை. கூடையை மெதுவாக இறக்கினாள். பையனுடைய முகத்தையும், கைகளையும், பாதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். மூன்று கிராமங்களில் அவள் தேடியலைந்ததாக அக்கம்பக்கத்தார்தான் எங்களிடம் சொன்னார்கள். சிற்றப்பன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பையன் இடுப்புத் துணியை அவிழ்த்து மூவாயிரத்தை அவர் முன்னால் வைத்தான். அவர் இரண்டு தரம் எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். மீதி எங்கே என்று கேட்கவில்லை. அன்றைக்கு அதுவே பெரிய விஷயம் என்று தாயி பின்னால் சொன்னார்.

தாயிடம் தகப்பனுடைய விலாசம் இருந்தது. சிகரெட் அட்டையின் பின்புறத்தில் ஒரு மில்லின் பெயரும் ஊரின் பெயரும் எழுதியிருந்தன. எங்கள் ஜில்லாவுக்கு அடுத்த ஜில்லா! ஊர் திரும்பியதும் போய் விசாரித்தேன். அந்த மனிதர் முந்தின வருஷமே வேலையை விட்டு நின்று கேரளத்துப் பக்கம் போய்விட்டாராம். அங்கிருந்த கூர்க்காக்கள் பையன் வீடு சேர்ந்த செய்தியைக் கைக்குக் கை சொல்லியனுப்புவதாக வாக்களித்தார்கள். அவர்கள் சொன்னபடி செய்வார்கள் என்றே நம்புகிறேன்.

2024 செப்டம்பர் கடைசியில் நேபாளத்தில் பெருமழை பெய்து, ரோஸி ஆறு பெருகி, அந்த அழகான ராஜபாதையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போய்விட்டது. தசைன் பண்டிகைக்குச் சில நாட்களே இருந்தன. நம் நவராத்திரியை ஒட்டி வரும் அந்தப் பண்டிகையில் வெளியூரிலிருப்போர் அனைவரும் வீடு போய்ப் பெரியவர்கள் கையால் நெற்றியில் திலகம் இட்டுக்கொள்வார்கள். வீட்டில் பொறுக்காத பையன் மறுபடியும் பஸ் ஏறுவதும் பெரும்பாலும் அந்தப் பண்டிகை முடிந்த கையோடுதான் என்று தாயி சொல்லியிருந்தார். பல வாரம் தகவலே இல்லை.

நவம்பர் மாதத்தில் தாயி டெலிபோனில் பேசினார். பாதை ஒருவாறு திறந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். பையன் வீட்டில்தான் இருக்கிறான், பள்ளிக்கூடத்துக்கும் போகிறான். ஆனால் மூன்றாம் வகுப்பில், ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டார்களாம். அங்கே மூன்றேகால் கிலோ கணக்குக்கூடக் கிடையாது, இப்படியானால் நான் வர மாட்டேன் என்கிறானாம். அவனை ஐந்தாம் வகுப்புக்கு மாற்றுவதைப் பற்றித் தலைமை உபாத்தியாயரோடு பேச அடுத்த வாரம் மறுபடியும் மலையேறப் போவதாகச் சொல்லி, கணக்கில் எந்தெந்தப் பாடத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். ஒரு பக்கம் எழுதி அன்று மாலையே அனுப்பினேன்.